மூச்சை அடக்காதே, கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

பெங்களூரில் உங்கள் அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தில், பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்திருக்கிறாயாம். அம்மா சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரில் பாதிப் பேருக்கு நீச்சல் பழக்கியவன் மகள் காசு கொடுத்துப் பழகுகிறாள் என்று உன் சித்தப்பன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். இந்த வயதில் தண்ணீரில் இறங்க ஒரு தைரியம் வேண்டும்.

முதல் நாளே கிக்போர்டு என்கிற மிதவைப் பலகையைக் கையில் கொடுத்துக் காலை உதைக்கச் சொன்னார்களாமே, எனக்கு அது பிடிக்கவில்லை. பலகையைப் பிடித்தால் தலை நிமிரும். தலை நிமிர்ந்தால் இடுப்பும் காலும் இறங்கிவிடும், அப்புறம் எவ்வளவு உதைத்தும் நகர மாட்டாய். அமெரிக்காவில் டெர்ரி லாஃப்லின் 1989-ல் ஆரம்பித்த டோட்டல் இம்மர்ஷன் முறையும் இதைத்தான் சொல்கிறது: முதலில் உடம்பு தண்ணீரில் சமமாகப் படுக்கட்டும், வேகம் பிறகு. முகத்தை உள்ளே வைத்துத் தரையைப் பார்.

பெரியவர்களுக்கு நான் முதலில் பழக்குவது எழுந்து நிற்பதை. குப்புற மிதக்கும்போது முழங்காலை நெஞ்சுக்கு இழு, இரண்டு கையாலும் தண்ணீரைக் கீழே அழுத்து, அப்புறம் தலையைத் தூக்கு. பாதம் தானாகத் தரைக்கு வந்துவிடும். இது தெரியாமல்தான் இடுப்பளவுத் தண்ணீரிலும் தத்தளிக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ந்த சுரைப்புருடையை மிதவையாகக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிடலாம். பெரியவர்கள் முங்குவதற்கு முன்பே முங்கியதாக நினைத்துவிடுவார்கள்.

மூச்சை அடக்காதே. முகம் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இரு. மூச்சு முட்டுவது முக்கால்வாசி காற்று போதாமல் இல்லை, கரியமில வாயு உள்ளேயே சேர்வதால். வெளியே வந்து விடவும் இழுக்கவும் சேர்த்துச் செய்ய நேரம் இருக்காது. மூச்சுக்குத் திரும்பும்போது தலையைத் தூக்காதே. உடம்போடு சேர்ந்து திரும்பு, ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும்.

வகுப்பு ராத்திரி எட்டு மணிக்காம். மாப்பிள்ளையும் கூட வருகிறாரா? அவருக்குத்தான் நன்றாகத் தெரியுமே, முந்தின பொங்கலுக்கு நம் கிணற்றில் மேல்படியிலிருந்து குதித்தாரே. இந்தப் பொங்கலுக்கு வேலை என்றாய். தீபாவளிக்கும் வேலை என்றுதான் சொன்னாய். சரி, வேலை முக்கியம்தான். போனில் அவர் குரல் கேட்டே நாளாகிறது என்று அம்மா சொன்னாள். நானாகக் கேட்கவில்லை.

காலை முழங்காலில் மடக்கி சைக்கிள் மிதிக்கிற மாதிரி உதைக்காதே, இடுப்பிலிருந்து அசை, கணுக்கால் தளர்வாக இருக்கட்டும். குளோரினுக்கு முடி வறண்டுபோகும், இறங்கும் முன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்துக்கொள். முன்பே சொன்னதுதான், மூச்சை மட்டும் அடக்கிவைக்காதே.

இங்கே வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

அம்மா சத்துமாவும் தேங்காய் எண்ணெயும் கட்டிவைத்திருக்கிறாள். இரண்டு பேருக்கு அனுப்பச் சொல்லட்டுமா, உனக்கு மட்டும் போதுமா என்று எழுது. எதுவானாலும் எழுது. அப்பா கோபப்பட மாட்டேன்.

அப்பா