மலேசிய ஆர்மிக்கு மனு போட்டிருக்கும் மருமகனுக்கு

அன்பு மருமகனே,

போன வாரம் சுங்கை சிப்புட் மார்க்கெட்டில் உன் அம்மாவைப் பார்த்தேன். "ஆர்மியில எவ்வளவு கொடுப்பான் அண்ணே?" என்றுதான் முதலில் கேட்டாள். பதினெட்டு வயதில் நானும் அதை மட்டும்தான் கேட்டேன்.

கூட்டாளிகள் சொல்லும் தொகையில் எலவன்ஸும் சேர்ந்திருக்கும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தனியாகக் கேள். குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்தால் வீட்டு எலவன்ஸ் நின்றுவிடும். பென்சன் கணக்கும் கடைசி அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். ஆஸ்பத்திரிச் செலவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அதில் கவலை இல்லை.

அப்பாவுக்குத் தோட்டத்தில் இ.பி.எஃப் என்று தொழிலாளர் சேமநிதி பிடிக்கிறார்களே, அது அங்கே கிடையாது. சிப்பாய்களுக்கு எல்.டி.ஏ.டி என்று தனிச் சேமநிதி, 1972-இல் தொடங்கியது. உன் சம்பளத்தில் 10 விழுக்காடு பிடிப்பார்கள், அரசாங்கம் 15 விழுக்காடு போடும். ஆயிரம் வெள்ளிக்கு உன் காசு 100, அவர்கள் காசு 150.

இங்கேதான் நான் சறுக்கினேன். 21 வருடம் முடித்தால்தான் பென்சன். அப்படி முடித்தவனுக்கு அவன் கட்டிய பங்கும் அதன் லாபமும்தான் கைக்கு வரும். அரசாங்கத்தின் பங்கு பென்சன் பக்கம் போய்விடும். முன்பே வெளியேறினால் இரண்டு பங்கும் உனக்கு, ஆனால் பென்சன் இல்லை.

பதிமூன்றாவது வருடம் 'நீட்டிக்கிறாயா?' என்று கேட்டார்கள். இரண்டு பங்கையும் சிகரெட் அட்டைக்குப் பின்னால் கூட்டிப் பார்த்தேன். பழைய லாரி ஒன்று கண்ணுக்குள் நின்றது. சரி, போதும் என்று வந்துவிட்டேன். லாரி ஆறு வருடம் செம்பனைக் குலை ஏற்றியது, அப்புறம் கியர்பாக்ஸ் போனது. போர்ட்டிக்சன் பயிற்சி முகாமில் என்னோடு ஒரே நாளில் மொட்டை போட்டவன் 21-ஐ முடித்தான். மாதம் பிறந்தால் அவன் பேங்கில் பென்சன் விழுகிறது. எங்கள் காப்பிக் காசை அவன்தான் கொடுக்கிறான், நானும் வெட்கமில்லாமல் குடிக்கிறேன்.

இன்னொன்று: மனு போடக் காசு எதுவும் கட்ட வேண்டாம். 'உள்ளே ஆள் இருக்கு' என்று பணம் கேட்டு எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடு.

கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. முதல் ஒப்பந்தம் எத்தனை வருடம், 21 வரை எத்தனை முறை நீட்டிக்க வேண்டும் என்று உட்கார்ந்து பார்ப்போம். சாயங்காலம் வா, காலையில் நான் தோட்டத்தில் இருப்பேன்.

உன் மாமா