கயலுக்கு, கிடார் இல்லாத ஓர் ஆல்பத்தைப் பற்றி

அன்புள்ள கயல்,

நைட் ட்யூட்டி முடித்துத் தூங்கி எழுந்த பிறகு சாவகாசமாகப் படி. போனில் ஆரம்பித்தால் "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். இது அப்படிப் பேசி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கீன் என்கிற பிரிட்டிஷ் குழுவின் 'ஹோப்ஸ் அண்ட் ஃபியர்ஸ்' ஆல்பத்தை நீ கேட்டுக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்க்கிறவர்கள் சிரித்தார்கள், கோல்ட்ப்ளே என்கிற இன்னொரு பிரிட்டிஷ் குழுவின் "நகல், அழுமூஞ்சிப் பாட்டு" என்றார்கள் என்று சொன்னாயே. "அப்பா, நிஜமாவே அவ்வளவு மோசமா?" என்றும் கேட்டாய். மோசம் இல்லை பாப்பா. ஆனால் உன் நண்பர்கள் சொன்னது புதிதும் இல்லை. 2004 மே மாதம் அந்த ஆல்பம் வந்தபோதே பிரிட்டனில் இருந்த விமர்சகர்களில் ஒரு பாதிப் பேர் இதைத்தான் எழுதினார்கள். மறு பாதிப் பேர் இவ்வளவு நல்ல மெட்டுகளை ஒரே தட்டில் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று கொண்டாடினார்கள். இரண்டு பக்கத்தையும் உனக்குச் சொல்கிறேன். கச்சேரி கச்சேரியாகக் கீபோர்டு வாசித்துப் பிழைத்தவன் என்கிற முறையில் எனக்கும் இதில் சொல்ல ஒன்று உண்டு.

முதலில், நீ இருக்கிற இடத்தைப் பார். இங்கிலாந்தில் நீ இருக்கிற ஹேஸ்டிங்ஸிலிருந்து லண்டனுக்கு ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்திலேயே பேட்டில் என்கிற சின்ன ஊர் வருகிறதே, 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த சண்டை நடந்த இடம், பழைய மடாலயம் இருக்கிற ஊர், அதுதான் இந்தப் பையன்களின் ஊர். பாடுகிற டாம் சாப்ளினும் பியானோ வாசித்துப் பாட்டு எழுதுகிற டிம் ரைஸ்-ஆக்ஸ்லியும் சிறு வயதிலிருந்தே நண்பர்கள். டிரம்ஸ் ரிச்சர்ட் ஹியூஸ். நாலாவதாக டொமினிக் ஸ்காட் என்று ஒரு கிடாரிஸ்ட் இருந்தார். ஆரம்பத்தில் கீன் எல்லாரையும் போல ஒரு கிடார் குழுதான். 2000இல் கைக்காசு போட்டு ஒரு சிங்கிள், அதாவது ஆல்பமாக இல்லாமல் தனிப் பாட்டாக, வெளியிட்டார்கள். அதைக் கச்சேரிக்கு வந்தவர்களிடம் விற்றுப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2001இல் ஸ்காட் விலகிவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசி. ஒரு ராக் குழுவில் கிடார் வாசிக்கிறவர் போய்விட்டால் அடுத்த வாரமே வேறொருவரைத் தேடுவார்கள். எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் லீட் கிடார் வராத நாளில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்டர்லூடில் அவர் வாசிக்க வேண்டியதையெல்லாம் கீபோர்டில் ஏதோ ஒரு டோனைப் போட்டு ஒப்பேற்றுவேன், கேட்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். இவர்கள் யாரையும் தேடவில்லை. பியானோவே கிடாரின் வேலையையும் செய்யட்டும் என்று முடிவு செய்தார்கள். கீழ் ஸ்வரங்களை வாசிக்கிற பேஸ் கிடாருக்கும் தனி ஆள் இல்லை. பேஸ் பகுதியை முன்கூட்டியே பதிவு செய்து, மேடையில் லேப்டாப்பிலிருந்து ஓட விட்டார்கள். மூன்றே பேர், ஒரு பியானோ, ஒரு டிரம் செட், ஒரு குரல்.

டிம் வாசித்தது மூடி திறந்து வைத்த பெரிய கிராண்ட் பியானோ என்று நினைத்துக்கொள்ளாதே. யமஹா சிபி-70 என்று ஒரு எலெக்ட்ரிக் கிராண்ட். 1970களில், மேடைக்கு மேடை தூக்கிக்கொண்டு போகிற குழுக்களுக்காகச் செய்தது. 73 கட்டை. உள்ளே நிஜக் கம்பி, நிஜச் சுத்தியல். கம்பியின் அதிர்வை பிக்கப் என்கிற சின்னக் கருவி மின்சாரமாக வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும், ஏறக்குறைய எலெக்ட்ரிக் கிடாரில் நடக்கிற மாதிரி. இரண்டு துண்டாகக் கழற்றலாம், ஆனாலும் நூறு கிலோவுக்கு மேல் எடை. இடம் மாற்றினால் சுருதி பார்க்க வேண்டும். பேஸ் பக்கம் கம்பி குட்டையாக இருப்பதால் கீழ் ஸ்வரங்களில் ஒரு உலோகக் கரகரப்பு வரும். அந்தக் கரகரப்புதான் முக்கியம். அதை ஒலியை மாற்றுகிற எஃபெக்ட் பெடல் வழியாக விட்டால் இன்னும் முரட்டுத்தனமாகிவிடும். கிடாரிஸ்ட் காலால் மிதிக்கிற பெடல்களையே டிம் பியானோவுக்குப் போட்டார்.

இதைத் தெரிந்துகொண்டு 'சம்வேர் ஒன்லி வீ நோ'வைத் திரும்பக் கேள். முதல் வினாடியிலிருந்து கை ஒரே சீராகக் கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டத்தை, அடித்துக்கொண்டே இருக்கிறது. அலங்காரம் இல்லை, ஓட்டம் இல்லை, விரல் வித்தை எதுவும் இல்லை. ரிதம் கிடார் வாசிக்கிறவனின் வலது கை செய்கிற வேலையை இரண்டு கையும் சேர்ந்து செய்கின்றன. கீழே டிரம்ஸ் அதைத் தள்ளிக்கொண்டே போகிறது. மேலே சாப்ளினின் குரல் மட்டும் பால் போலத் தெளிவாக, கொஞ்சமும் கரகரப்பு இல்லாமல் நிற்கிறது. "மென்மையான இசை" என்று சொன்ன விமர்சகர்கள் அந்தக் குரலைத்தான் கேட்டார்கள் என்பது என் கட்சி. கையைக் கேட்கவில்லை. ராக் என்றால் கிடார் என்று பழகிய காது, கிடார் இல்லாத இடத்தை ஓட்டை என்று எண்ணிக்கொண்டது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

அவர்கள் வந்த நேரமும் அப்படி. 2004இல் பிரிட்டனில் கூர்மையான கிடார் குழுக்களுக்குத்தான் மவுசு. அந்த வருடத் தொடக்கத்தில்தான் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் குழுவின் முதல் ஆல்பம் வந்து எல்லாரையும் ஆட வைத்திருந்தது. அதற்கு நடுவில் சட்டையை இன் பண்ணிய பையன்கள் மாதிரி மூன்று பேர் வந்து பியானோவை வைத்துக்கொண்டு மனசு உருகப் பாடினால் கேலி வராமல் இருக்குமா? தனியார் பள்ளியில் படித்தவர்கள், வசதியான வீட்டுப் பிள்ளைகள் என்கிற குத்தலும் சேர்ந்துகொண்டது. அந்த ஊரில் இது சாதாரணக் குத்தல் இல்லை என்பது எனக்கு இப்போது உன் பேச்சிலிருந்தே தெரிகிறது. ஆனால் படித்த பள்ளியை வைத்து மெட்டை எடை போடுவதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன்.

கோல்ட்ப்ளே விஷயத்துக்கு வருகிறேன். அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் 2002இல் வந்தது, மூன்றாவது 2005இல். நடுவில் இருந்த இடைவெளியில் கீன் வந்ததால் "அவர்கள் இல்லாத நேரத்தில் இவர்கள்" என்று எழுதுவது சுலபமாகிவிட்டது. பியானோ, உயரமான ஆண் குரல், ஏக்கம், எல்லாம் பொருந்துகிறதே. ஆனால் ஒரு விஷயத்தை உன் நண்பர்களுக்குச் சொல். கோல்ட்ப்ளேயின் கிறிஸ் மார்ட்டினே டிம்மைத் தன் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கக் கூப்பிட்டார். இருவரும் லண்டனில் ஒரே கல்லூரி. அப்போது இரண்டு குழுக்களையுமே வெளியே யாருக்கும் தெரியாது. எனக்கு என் குழு இருக்கிறது என்று டிம் மறுத்துவிட்டார். அப்படி மறுத்தவரையா நகலெடுக்க வந்தவர் என்று சொல்வது? இரண்டும் ஒரே காலத்தில், ஒரே மாதிரி இசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளின் குழுக்கள். அண்ணன் தம்பி ஜாடை இருக்கத்தான் செய்யும்.

குறை சொன்னவர்கள் எல்லாரையும் நான் தள்ளிவிடவில்லை. அவர்கள் சொன்னதில் ஒன்று எனக்கும் உறுத்துகிறது. பாட்டுக்குப் பாட்டு ஒரே விதமாக ஏறுகிறது: சரணம் தணிவாக, பல்லவிக்கு முன்னால் ஒரு தயக்கம், பிறகு பல்லவியில் உச்சி. தொடர்ந்து கேட்டால் மலைக்கோட்டைப் படியையே திரும்பத் திரும்ப ஏறுகிற மாதிரி இருக்கும், பாதியில் மூச்சு வாங்கிவிடும். ஆல்பத்தின் பிற்பகுதியில் ஓரிரு பாட்டுகளை நான் தாண்டிவிடுவதுண்டு. வார்த்தைகளும் பொதுப்படையாகவே இருக்கின்றன. யார், எங்கே, எப்போது என்று எதுவும் சொல்லாமல் பிரிவையும் நினைவையும் பற்றியே பாடுகிறார்கள். அதனால்தான் யார் வேண்டுமானாலும் தன் கதையை அதில் வைத்துக் கேட்க முடிகிறது என்பதும் நிஜம். ஒலிப்பதிவும் கொஞ்சம் அதிகமாகவே இழைத்துப் பளபளப்பாக்கியது. மேடையில் அந்தப் பியானோ இதைவிட முரடாக ஒலித்திருக்கும்.

ஆனால் கடைசிப் பாட்டு 'பெட்ஷேப்ட்' வரும்போது நான் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். மெதுவாக ஆரம்பித்து, குரல் தன் எல்லைக்குப் போய், அங்கிருந்து இறங்காமல் நிற்கிற அந்த இடம் இருக்கிறதே, பாடகரைப் பக்கத்தில் வைத்து வாசித்தவர்களுக்கு அந்த இடத்தில் கை நடுங்கும். பின்னால் வாசிக்கிறவர் அப்போது ஒன்றும் புதிதாகச் செய்யக் கூடாது, தாங்கிப் பிடித்தால் போதும். டிம் தாங்கிப் பிடிக்கிறார். நல்ல துணை வாசிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைப் போட்டுக் காட்டுவேன்.

அதே வருடம் என்ன நடந்தது பார். ஆல்பம் வந்த உடனே பிரிட்டனில் முதலிடம். வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்கு அங்கே தருகிற மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் இடம் கிடைத்தது, பரிசு ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டுக்குப் போனது. அடுத்த பிப்ரவரியில் பிரிட் என்கிற இசை விருதுகளில் அதே ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் போட்டியில் இருக்க, சிறந்த பிரிட்டிஷ் ஆல்பம் கீனுக்கு. ஒரு நடுவர் குழு ஒன்று சொன்னது, இன்னொன்று வேறு சொன்னது. 2004இல் பிரிட்டனில் அதிகம் விற்ற ஆல்பங்களில் இதற்கு இரண்டாம் இடம், சிசர் சிஸ்டர்ஸ் என்கிற குழுவின் ஆல்பத்துக்கு மயிரிழையில் அடுத்து. அதிகம் விற்றால் நல்லது என்று நான் சொல்லவில்லை. அது உனக்கே தெரியும். உன் நண்பர்கள் சிரித்த பாட்டை அவர்களுடைய வீடுகளில் யாராவது ஒருவர் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு சோதனை இருக்கிறது, நீயே செய்து பார். 2013 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜான் லூயிஸ் கடை விளம்பரத்துக்காக லில்லி ஆலன் என்கிற பாடகி 'சம்வேர் ஒன்லி வீ நோ'வைப் பாடினார். அதுவும் அங்கே முதலிடத்துக்குப் போனது. கீன் பாடியபோது அந்தப் பாட்டு மூன்றாம் இடம் வரைதான் போயிருந்தது. இரண்டையும் அடுத்தடுத்து ஹெட்போனில் கேள். ஆலன் பாடியது உண்மையிலேயே மென்மையானது, குழந்தையைத் தூங்க வைக்கலாம். அதைக் கேட்டுவிட்டு மூலத்துக்குத் திரும்பினால் அந்தக் கை எவ்வளவு வேகமாக, பிடிவாதமாக அடிக்கிறது என்பது காதில் விழும். 2004இல் குறை சொன்னவர்கள் மனசில் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்பது வருடம் கழித்து வரப்போகிற அந்த விளம்பரப் பாட்டைத்தான் என்று எனக்குத் தோன்றும்.

இரண்டாவது ஆல்பம் 2006இல் வந்தது. அதில் 'இஸ் இட் எனி வொண்டர்' என்று ஒரு பாட்டு கிடார் மாதிரியே ஒலிக்கிற சத்தத்தோடு ஆரம்பிக்கும். அதுவும் கீபோர்டுதான், எஃபெக்ட் போட்டு முறுக்கியது. பலர் ஏமாந்தார்கள். எனக்கும் அந்தப் பாட்டு பிடிக்கும், ஆனாலும் முதல் ஆல்பத்தின் மேல்தான் பாசம். அதில் பியானோ பியானோவாகவே நிற்கிறது, தனக்கும் பல் இருக்கிறது என்று காட்டிக்கொள்ள முயலவில்லை.

எனக்கு இந்த ஆல்பம் எப்படிக் கிடைத்தது தெரியுமா? எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் பேஸ் வாசித்த நண்பரின் தம்பி லண்டனிலிருந்து சிடி கொண்டு வந்தார். "பேஸ் கிடார் இல்லாத குழுவாம், எனக்கு எதுக்கு?" என்று நண்பர் அதை என்னிடம் தள்ளிவிட்டார். நீ அப்போது பள்ளிக்கூடப் பெண். பரீட்சைக்குப் படிக்கிறபோது வீட்டில் இதுதான் ஓடும், சத்தத்தைக் குறைக்கச் சொல்லி உன் அம்மா கத்துவாள். இப்போது நீயே அந்தச் சிடி பிறந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறாய், தானாகவே தேடிக் கேட்கிறாய். எனக்கு இருக்கிற சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

லீவு கிடைக்கிற நாளில் இரண்டு இடத்துக்குப் போய் வா. ஒன்று ரை என்கிற ஊர். ஹேஸ்டிங்ஸிலிருந்து நேர் ரயில் உண்டு. ஆல்பத்தின் பெரும்பகுதியை அந்த ஊர்ப் பக்கம் ஹீலியோசென்ட்ரிக் என்கிற ஸ்டூடியோவில்தான் பதிவு செய்தார்கள். ஊரைச் சுற்றிப் பார். இன்னொன்று பேட்டில். அங்கே மான்சர்ஸ் ஷா என்று ஒரு மரக்கூட்டம் இருக்கிறது, இவர்கள் பாட்டில் பெயர் சொல்லியே வருகிற இடம். மழைக்கோட்டு எடுத்துக்கொண்டு போ, சேறாக இருக்கும்.

அப்புறம், பழைய சிடி விற்கிற கடை ஏதாவது கண்ணில் பட்டால் 'எவ்ரிபடிஸ் சேஞ்சிங்' பாட்டின் முதல் பதிப்பு இருக்கிறதா என்று கேள். 2003இல் ஃபியர்ஸ் பாண்டா என்கிற சின்ன இசைக் கம்பெனி போட்டது. லண்டனில் ஒரு சின்ன பப்பில் இவர்கள் வாசித்ததைக் கேட்டுவிட்டு அந்தக் கம்பெனிக்காரர் தேடி வந்து வெளியிட்டது அது. அதற்குப் பிறகுதான் ஐலண்ட் என்கிற பெரிய கம்பெனி இவர்களை எடுத்துக்கொண்டது. விலை அதிகம் சொன்னால் வாங்காதே, அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பு, அது போதும்.

உன் நண்பர்களோடு சண்டை போட வேண்டாம். அவர்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், அதில் தப்பே இல்லை. ஒரே ஒரு தடவை 'பெண்ட் அண்ட் பிரேக்' பாட்டை ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டு, பாடுகிறவரை விட்டுவிட்டுப் பியானோவை மட்டும் கேட்கச் சொல். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது, அவர்கள் சொன்னதை அப்படியே எழுது, எனக்குப் பிடிக்கிற மாதிரி மாற்றாதே. நீ ரை போய் வந்த கதையையும் சேர்த்து எழுது. ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிடுவாள்.

அன்புடன்,
அப்பா