வீட்டுக்காரர் இல்லாத வீட்டுக்கு ஹோம்ஸ்டே எண்டு பேர் வைக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

இப்ப கொஞ்சக் காலமா மட்டக்களப்புப் பக்கம் யாரக் கேட்டாலும் ஹோம்ஸ்டே, அதாவது தாங்க குடியிருக்கிற வீட்டுலயே வாற ஆக்களுக்கு அறை குடுக்கிறது, போடப்போறன் எண்டுதான் கதை. நல்லம். நானும் கல்லடியில எங்கட வீட்டுல ரெண்டு அறைய வாற ஆக்களுக்குக் குடுக்கிற ஆள்தான், அதால எரிச்சல்ல எழுதுறன் எண்டு நினைக்க வேணாம் (கொஞ்சம் எரிச்சலும் இருக்கு எண்டு வச்சுக்கொள்ளுங்க). ஆனா நடக்கிறது என்னெண்டா, காசுள்ள ஒராள் வந்து கடற்கரைப் பக்கம் நாலஞ்சு வீட்ட லீசுக்கு எடுத்து, ஏசி பூட்டி, சுவருக்கு வெள்ளை அடிச்சு, சாவி குடுக்க ஒரு பொடியன விட்டுப்போட்டு நெட்டுல ஹோம்ஸ்டே எண்டு போடுறார். அந்த வீட்டுல அடுப்பு எரியிறல்ல, சாமிக்கு விளக்கு வைக்க ஆளில்ல, வந்தவருக்கு நடுச்சாமத்துல வயித்துக்குள்ள வலிச்சாக் கூப்பிடவும் ஆளில்ல. அது லொட்ஜ். லொட்ஜ் நடத்துறது குத்தமில்ல, லொட்ஜ் எண்டு சொல்லி நடத்தட்டும்.

இது நம்மட ஊருப் பிரச்சினை மட்டுமில்ல. நெட்டுல வீடு, அறை வாடகைக்குப் பிடிச்சுக் குடுக்கிற ஏர்பிஎன்பி தொடங்கினதே 2007ல சான் பிரான்சிஸ்கோவுல வீட்டு வாடகை கட்டக் கஷ்டப்பட்ட பொடியன்மார் தாங்க இருந்த வீட்டுக்குள்ளேயே காத்தடிக்கிற மெத்தையப் போட்டு மூணு பேரத் தங்க வச்சதுலதான். மறுகா என்ன நடந்தது, காசுக்காரர் முழு முழு வீடா வாங்கிப் போட்டு, அங்கத்தய சனத்துக்கு வாடகைக்கு வீடு கிடையாமப் போச்சு. இப்ப நியூயோர்க்ல 2023 செப்டம்பர்ல இருந்து 30 நாளுக்குக் குறைய ஆக்களத் தங்க வைக்கிறதெண்டா வீட்டுக்காரரும் அதே வீட்டுல இருக்கோணும், ரெண்டு பேருக்கு மேல எடுக்க ஒண்ணா எண்டு சட்டம். பார்சிலோனாவுல 2028 நவம்பரோட பத்தாயிரத்துச் சொச்சம் சுற்றுலா வீட்டு லைசன்ஸ்கள இல்லாமச் செய்யப் போறம் எண்டு மேயரே சொல்லிட்டார். அவங்க பட்டுத் தெளிஞ்சத நாம திரும்பப் பட வேணுமா?

மட்டக்களப்பார் வந்தவனப் பாயோட ஒட்ட வச்சிருவாங்க எண்டு மத்த ஊர்க்காரர் சொல்றதக் கேட்டு நாம சிரிக்கிறம், ஆனா அந்தப் பேர் சும்மா வந்ததில்ல. நம்மட பகுதியில வீடு வளவு பொம்புளப் புள்ளைக்குத்தான் சீதனமாப் போறது, தமிழாக்கள்லயும் அப்படித்தான் சோனகாக்கள்லயும் அப்படித்தான். அதால வீட்டுல அறை குடுத்து வாற காசும் பொம்புளைட கையிலதான் விழுது, புருசன்ட சம்பளம் மாதிரி வழியில கரையிறல்ல. புள்ளைகள் கனடா, கட்டார் எண்டு போய்ப் பூட்டிக் கிடக்கிற அறைகள் எத்தின வீட்டுல இருக்கு. அதுல ஒராள் ரெண்டு நாள் தங்கினா கரவலையில வந்த மீன் நம்மட வீட்டுக்கும் கூட ஒரு கிலோ வருது, தயிர்ச் சட்டி கொண்டாறவருக்கு ஒண்டு கூடப் போகுது, ஓட்டோத் தம்பிக்கு ஒரு பயணம், முழு நிலவில தோணியில ஏத்திப் போய்க் கல்லடிப் பாலத்தடியில மீன் பாட்டுக் கேக்க வைக்கிறவருக்கு ஒரு கூலி. யுத்தம் முடிஞ்சாப் பொறகு பாசிக்குடாவுல வரிசையா வந்த ரிசோர்ட்டுகள நான் குறை சொல்லல்ல, வேலை குடுத்ததுதான், ஆனா அங்க தங்கிற ஆள் கேற்றுக்கு வெளிய வந்து ஒரு தேத்தண்ணி குடிக்கிறது அருமை.

இன்னொண்டு. 2019 ஏப்ரல்ல சீயோன் தேவாலயத்துல குண்டு வெடிச்சாப் பொறகு ஒரு குருவி வரல்ல, மறுகா கொரோனா, 2022ல பெற்றோல் வரிசை. பெரிய இடங்கள் ஆக்கள வேலையால நிப்பாட்டினாங்க, லோன் எடுத்துக் கட்டினவங்க பேங்குக்கு ஓடினாங்க. வீட்டுல ரெண்டு அறை வச்சிருந்த நாங்க நெல்லு மூட்டைய அதுக்குள்ள அடுக்கிட்டு வேற வேலை பாத்தம். இதையே நம்பி சீவிக்காததாலதான் அது சாத்தியம், அதால ஹோம்ஸ்டேக்கெண்டு லோன் எடுத்து மேல்மாடி கட்டப் போற ஆக்களுக்கு நான் சொல்றது, அவசரப்படாதீங்க, நவம்பர்ல இருந்து மழை, கிழக்குக் கரையில சீசன் கிட்டத்தட்ட அரை வருசம்தான், புக்கிங் சைட்காரன் சாதாரணமா 15 வீதம் எடுப்பான், கரண்ட் 180 யூனிட்டத் தாண்டினா பில்லு ஏறும்.

எங்கட பக்கம் இருக்கிற கடமையும் சொல்லத்தான் வேணும். கிணத்துத் தண்ணி கோடையில உவர்க்கும் எண்டா அத முதல்லயே எழுதிப் போடுங்க. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், அந்த நாள்கள்ல எங்கட வீட்டுல மச்சம் இல்ல, வாறவருக்கு முன்னமே சொல்லுவன், முருங்கையிலைச் சொதியும் கத்தரிக்காப் பாற்கறியும் சாப்பிட்டுட்டு மீனக் கேக்காமப் போன வெள்ளக்காரர் எத்தின பேர். குடும்பத்துல செத்த வீடெண்டா அறை இல்ல, பக்கத்து வீட்டு அக்காட்ட அனுப்புவன், அவ கமிஷன் தரவும் மாட்டா நான் கேக்கவும் மாட்டன். தனியா வாற பொம்புளப் புள்ளைகளுக்கு உள்ள இருந்து பூட்டக்கூடின கதவு இருக்கோணும், வீட்டு ஆம்புளயள் அந்தப் பக்கம் சும்மா சும்மா போகப்படாது. இதெல்லாம் ஒரு ஸ்டார் குடுக்கிற போர்ம்லயும் வராது.

எனக்குக் கூட மனவருத்தம் அறுகம்பேப் பக்கத்துக் கதைதான். அங்க சில இடங்கள்ல லோக்கல் ஆக்களுக்கு அறை இல்ல எண்டு மூஞ்சிக்கு நேர சொல்றாங்க. எங்கட சொந்தக்காரப் புள்ளைகளுக்கும் நடந்திருக்கு, அறை சும்மா கிடந்தும் குடுக்கல்ல. யாழ்ப்பாணத்துல இருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை வாற சனத்துக்கு ஊரூரா அன்னதானம் குடுத்து உகந்தை வரைக்கும் அனுப்பி வைக்கிற கரை இது, இங்க நிறத்தப் பாத்தா அறை குடுக்கிறது? வாற ஆக்கள் எண்டா வெள்ளக்காரர் மட்டுமா? போதனா வைத்தியசாலையில புள்ளையக் கிடத்திப்போட்டு வராந்தாவுல படுக்கிற தாய் தகப்பன், வந்தாறுமூலைக் கம்பசுக்குப் பட்டமளிப்புக்கு மலையகத்துல இருந்து வாற குடும்பம், இவங்களுக்கு ஹோட்டல் காசு ஏலாது, ஒரு அறையும் காலையில பிட்டும் சம்பலும் ஒரு நியாயமான விலைக்குக் கிடைச்சாப் போதும். எங்கட வீட்டுக்கு வாறதுல பாதிக்கு மேல இப்படியான ஆக்கள்தான், விலையும் எல்லாருக்கும் ஒண்டுதான்.

சுற்றுலா அதிகாரசபை ஹோம்ஸ்டேய ஒரு தனி வகையாப் பதியுது, அது நல்ல விசயம். அதுல நான் கேக்கிறது ரெண்டே ரெண்டு. வீட்டுக்காரக் குடும்பம் அந்த வீட்டுல இருக்குதா எண்டு கிராம சேவகர வச்சு வருசா வருசம் பாருங்க, இல்லாட்டி ஹோம்ஸ்டே எண்ட பேரக் குடுக்காதீங்க. லோக்கல் ஆள் எண்டு அறை மறுத்தா முறைப்பாடு எடுக்க பிரதேச செயலகத்துல தமிழ்ல கதைக்கக்கூடின ஒரு ஆளப் போடுங்க. சீசன் ஏப்ரல்ல தொடங்குது, அதுக்கு முந்திச் செஞ்சா உதவி.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கல்லடி, மட்டக்களப்பு