தொட்டிப்பாலத்தடியில் உதவிய அண்ணாச்சிக்கு

மாத்தூர் தொட்டிப்பாலத்தடியில், பறளியாற்றங்கரையில் என் பென்டாக்ஸ் கே1000 கேமராவுக்குள் பிலிம் சிக்கிக்கொண்டது. லீவர் நகரவில்லை, திருப்பிச் சுற்றவும் முடியவில்லை. பின்மூடியைத் திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் போய்விடும். பாட்டியின் படங்களும் அதில்தான் இருந்தன.

அன்னாசிப்பழம் வெட்டிக்கொண்டிருந்த நீங்கள், கேட்காமலேயே எழுந்து வந்தீர்கள். "பிலிம் கேமராவா மக்கா? திறந்துராதே."

ஸ்டூடியோவில் வேலை பார்த்த கை என்று அப்புறம்தான் தெரிந்தது. சாமான் அறையின் ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் சாக்கைத் திணித்து, அதற்கும் மேலே கேமராவைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு, விரல் நுனியாலேயே பிலிமை விடுவித்தீர்கள். ஓரத்துளைகள் கிழிந்திருப்பதைத் தடவியே சொன்னீர்கள். பிலிமைச் சுருட்டிக் கறுப்பு டப்பாவில் அடைத்துத் தந்தீர்கள். வியாபார நேரம் அது. எத்தனை பேர் காத்துநின்றார்களோ!

காசு வாங்கவில்லை. 1976இல் வந்த மாடல், பேட்டரி இல்லாமலும் ஷட்டர் ஓடும், யாருக்கும் கொடுத்துவிடாதே என்று மட்டும் சொன்னீர்கள். கொடுக்கமாட்டேன்.

அண்ணாச்சி, படங்கள் அருமையாக வந்திருக்கின்றன. 115 அடி உயரப் பாலத்தின் தூண்கள், பாட்டியின் சிரிப்பு, எல்லாமே. அடுத்த முறை வந்தபோது கடை பூட்டியிருந்தது. உங்களுக்கென்று ஒரு பிரிண்ட் வைத்திருக்கிறேன். திருவட்டார் பக்கத்து நண்பர்கள் யாராவது இதை அவரிடம் காட்டுங்கள். ரொம்ப நன்றி, அண்ணாச்சி.