புறா வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

அவைத்தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. மழையில் கொருக்குப்பேட்டை தெருவில் தண்ணீர் நின்றதால் ஒரு கூட்டத்தை மாடிப்படியிலேயே உட்கார்ந்து முடித்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு மனதில் நிற்பது பைரியைப் பற்றிய கூட்டம்தான். பைரி என்றாலே, அதாவது புறாவை அடிக்கும் அந்த வல்லூறு என்றாலே, நம்மவர்களுக்கு ரத்தம் கொதிக்கும். மாடியிலிருந்து கிளப்பிவிட்ட ஹோமரை, வீடு திரும்பும் பந்தயப் புறாவை, கண்ணெதிரே அடித்துத் தூக்கிப் போனதை யார் மறப்பார்? "அந்த ஜாதியைப் போய் கூண்டுல வளர்த்து வெளிய விடுறாங்களாமே, எதுக்கு சார்?" என்று காசிமேட்டு உறுப்பினர் ஆரம்பித்தார். பேச வந்திருந்த கால்நடை மருத்துவர் சிரித்துவிட்டு மொரீஷியஸ் தீவின் கதைக்குப் போனார்.

அங்கே ஒரு சின்ன வல்லூறு இனம். காடழிப்பும் டிடிடி பூச்சிமருந்தும் சேர்ந்து, 1974இல் தெரிந்தவரை நான்கே பறவைகள். முதல் முட்டைகளை எடுத்துவிட்டால் பெட்டை மறுபடி இடும். நமக்குத் தெரிந்த வித்தைதான். அப்படிப் பெருக்கி வெளியில் விட்டு, இனம் சில நூறானது. ஆனால் அருங்காட்சியகங்களில் இருந்த பழைய பறவைகளோடு ஒப்பிட்டால், மரபணு வகைகளில் பாதிக்கு மேல் காணோம். "தலைக்கணக்கு ஏறிடுச்சு, போன ரத்தம் போனதுதான்" என்றார்.

கலிபோர்னியா காண்டர் கழுகில் 1987இல் காட்டில் கடைசியாக இருந்ததையும் பிடித்து, மொத்தம் 27ஐயும் கூண்டுக்குள் வைத்தார்கள். வம்சத்துக்கு மூலம் 14 பறவைகள். சில குஞ்சுகள் எலும்பு குட்டையாகிப் பொரிக்கும் தறுவாயிலேயே செத்தன. குறையைச் சுமக்கும் பறவைகளை ஒதுக்கிவிட வேண்டியதுதானே என்று நானே கேட்டேன். ஒதுக்கினால் அவற்றிடம் மட்டும் இருக்கும் நல்ல மரபணுக்களும் போய்விடுமாம். அதனால் குறை உள்ள இரண்டை ஜோடி போடாமல், பதிவேட்டைப் பார்த்து உறவு எட்டியதாகச் சேர்க்கிறார்கள்.

அதன்பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கப் அடித்த ஆணை அதன் மகளுக்கே ஜோடி போட்டு 'லைன்', அதாவது ஒரே வம்சம், பிடிப்பவர்கள்தானே நாம்! கூமுட்டை வந்தால் மட்டும் தானியத்தைக் குறை சொல்வோம்.

புறாவின் கால் வளைய எண்ணோடு அதன் தாய் தகப்பன் பெயரையும் சங்க நோட்டில் எழுத வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. லைன் ரகசியம் வெளியே போய்விடும் என்று சிலர் முறைத்துக்கொண்டார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முதலில் என் கூண்டையே எழுதினேன். ஏழாவது வளையத்தில் அப்பாவும் தாத்தாவும் ஒரே புறாவாக வந்து நின்றது.

இப்படிக்கு,
செயலாளர்