எழுத்தர் வேலையா, கலையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நெல்லைச் சீமையின் கலைகளைப் பற்றி வந்த கட்டுரையை இருமுறை படித்தேன். பாய் நெசவையும் காருகுறிச்சி நாகசுரத்தையும் மனமாரப் புகழ்ந்த கட்டுரையாளர், இன்றைய பிள்ளைகள் கலையைக் கைவிட்டுக் கணினியில் நிரல் தட்டும் எழுத்தர் வேலைக்குப் போய்விட்டதாக வருந்தி முடித்திருந்தார். அந்த எழுத்தர்களுள் இருபத்திரண்டு ஆண்டுகளாக நானும் ஒருவன்.

என் தாயார் பாய் நெய்தவர். கோரையில் ஓர் இழை சற்றே தடித்துவிட்டால், யாருக்கும் தெரியாது என்று நாங்கள் சொன்னாலும் கேளாமல், அதுவரை நெய்ததைப் பிரித்துவிடுவார். தமிழ்ச் சொல்லாட்டம் ஒன்றுக்கு நிரல் எழுதியபோது எனக்கும் அந்தப் புத்திதான் வந்தது. ‘நெல்லை’ நமக்கு மூன்றெழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் ஒருங்குறி முறையில் ஒற்றைக்கொம்பும் புள்ளியும் இணைக்கொம்பும் தனித்தனியே நிற்பதால் கணினிக்கு ஆறு. சொல்லை நம் கணக்கில் எழுத்தெழுத்தாகப் பிரிக்க நான் முதலில் எழுதிய முந்நூறு வரி நிரல் சரியான விடையையே தந்தது. ஆனாலும் அதைத் திறந்து பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. எழுத்து எங்கே முடிகிறது என்று தேடாமல், எங்கே தொடங்குகிறது என்று மட்டும் பார்த்தால் போதும் என்பது பத்து நாள் கழித்துப் பிடிபட்டது. எல்லாம் இருபது வரியில் அடங்கிற்று. (‘க்ஷ’ இன்றும் தகராறு செய்கிறது.)

அச்சுத் தொழிலில் இருக்கும் தங்களுக்குக் கணினி அறிஞர் டொனால்டு குனூத்தைத் தெரியாமல் இருக்காது. 1968 முதல் அவர் வெளியிட்டுவரும் நூல் வரிசையின் பெயரே ‘கணினி நிரலாக்கக் கலை’. 1977-இல், அதில் ஒரு தொகுதியின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படி அழகாக இல்லை என்பதற்காக, எழுத்துக்கோப்புக்கென்றே ‘டெக்’ என்ற மென்பொருளை எழுதத் தொடங்கியவர் அவர். நம் பதிப்புரிமைச் சட்டமும் 1984-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து கணினி நிரலை இலக்கியப் படைப்புகளோடு சேர்த்தே வைத்திருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு இருந்த இரசனை ஞாயிறு இணைப்புக்கும் இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்தது என் பிழையே.

இது முதல்முறையும் அன்று. ‘மென்பொருள் மாப்பிள்ளை’ துணுக்குகளை எத்தனை ஆண்டுகளாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்! ஐந்தாண்டுகளுக்கு முன் அதுபற்றி நான் எழுதிய கடிதத்துக்கு இடமில்லை என்றீர்கள். அந்த வாரம் வாஸ்து மீன்தொட்டிக்கு அரைப்பக்கம் இருந்தது. கல்யாண வீடுகளில் என் மாமா, “இன்னும் டைப் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கியா?” என்று கேட்பார். அவரைக் குறைசொல்ல முடியாது. நாற்பது ஆண்டுகளாகத் தங்கள் நாளிதழின் சந்தாதாரர்.

நான் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அடுத்த இணைப்பில் இரு சொற்களைத் திருத்தி ஒரு வரி வெளியிட்டால் போதும். ஒன்று, ‘எழுத்தர்’. மற்றொன்று எங்கள் ஊரின் பெயர், அது பத்தமடை. ஆங்கில எழுத்தில் பார்த்துத் தாங்கள் அச்சிட்டதுபோல் ‘பட்டமடை’ அன்று.

இப்படிக்கு,
பத்தமடை வாசகன்