உருமாற்றம் என்றால் எந்தப் பாகம், ஐயா?

மலைப்பாதை வாகனச் சோதனைக்குப் பொறுப்பான அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். குன்னூர்க்காரனான என் பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிளை ஏன் பிடித்து வைத்தீர்கள் என்பது தங்களுக்குத் தெரியும். கையில் கொடுத்த சீட்டில் ‘உருமாற்றம்’ என்று மட்டும் இருக்கிறது. எந்தப் பாகம் என்று எழுதித் தாருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை நானும் படித்தேன். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறக் கூடாது, மாறவில்லை. சேஸிஸ், இன்ஜின் எண்கள் அப்படியே இருக்கின்றன. டேங்க் அதே கறுப்பு; கோடும் எழுத்தும்தான் இல்லை. சீட் தட்டையானது, இருவர் உட்காரலாம். சாரி கார்டு, கண்ணாடி, இரண்டு சைலன்சர்கள், கிக்கரும் கியருமாக வேலை செய்யும் அந்த ஒற்றை லீவர் எல்லாம் உண்டு. கழற்றியவை கேரியரும் உடைந்த பக்க மூடிகளும் மட்டுமே. மைசூர் தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்ட பிறகு புதிய மூடிக்கு யாரிடம் போவது?

அவற்றைக் கழற்றி எடையைக் குறைத்தது அழகுக்காக மட்டும் அல்ல. டூ-ஸ்ட்ரோக் வண்டியை இறக்கத்தில் இன்ஜின் இழுத்துப் பிடிப்பது குறைவு. மேட்டுப்பாளையம் இறங்கும் வழியிலுள்ள பர்லியாறு வளைவுகளில் பிரேக்கைத்தான் நம்ப வேண்டும்; எடை குறைந்தால் அதற்குப் பாரமும் குறையும்.

அந்த பிரேக் டிரம்முக்குள் இப்போது ஐப்பசி மழைநீர் நிற்கிறது. வாரக்கணக்கில் திறந்தவெளியில் நிறுத்தியிருக்கிறீர்கள். ஸ்போக்ஸ் துருவேறிவிட்டன. மேட்டுப்பாளையத்தில் கையால் தைத்து வாங்கிய தோல் சீட்டில் பச்சைப் பூசணம் படர்ந்திருக்கிறது. மூடி இல்லாத பக்கம் வழியாகப் பேட்டரி வரை ஈரம் போயிருக்கும். துடைத்துவிட்டு வருகிறேன் என்றேன். வழக்கில் உள்ள பொருளைத் தொடக் கூடாது என்றார்கள். நனையலாம், துடைக்கத்தான் கூடாது போலும்.

சைலன்சரின் வயிற்றைக் காலி செய்துவிட்டுச் சமவெளியிலிருந்து வரும் வண்டிகள் சனி, ஞாயிறுகளில் அதே சோதனைச்சாவடியைக் கடக்கின்றன. பலாப்பழக் காலத்தில் யானை நிற்கும் சாலையில் அந்த வெடிச்சத்தம் கேட்கிறது. அவற்றுக்குக் கையசைத்து வழிவிடுகிறார்கள். பளபளப்பான வண்டியென்றால் காது கேட்காது. பழைய வண்டியென்றால் கண் கூர்மையாகிவிடும்! ஒலியை அளக்கும் கருவி இருந்தால் என் வண்டியிலும் வைத்துப் பாருங்கள்.

2021-இன் மத்திய விதி ஐம்பது ஆண்டைத் தாண்டிய வண்டியைத்தான் பழம்பெரும் வாகனமாக மதிக்கிறது. என்னுடையது எண்பதுகளில் பிறந்தது. சலுகை பெற வயது போதவில்லை. சந்தேகப்பட மட்டும் போதுமான வயதாகிவிட்டது.

கோபத்தில் எழுதிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். வாகன ஆய்வாளர் ஒருவரை அனுப்பி, பாகம் பாகமாகப் பார்க்கச் செய்யுங்கள். குற்றம் எதுவென்று எழுதித் தாருங்கள். சரிசெய்து கொண்டுவந்து காட்டுகிறேன். அதுவரை ஒரு தார்ப்பாயாவது போர்த்த அனுமதி கொடுங்கள். தார்ப்பாய் என்னுடையது, அரசுக்குச் செலவில்லை.

இப்படிக்கு,
குன்னூரில் வாழும் ஒரு வண்டிக்காரன்